பழக்கிய காந்தம்

இரவு ஷிப்ட் முடிந்து
பூட்ஸில் உருளைக்கிழங்கு மாவோடு வருகிறேன்.
ஐடஹோவின் பனி தெருவெல்லாம் மூடியிருக்க
எங்கள் காரேஜில் மட்டும் வெளிச்சம்.
டெல்பர்ட் இன்னும் படுக்கவில்லை.

மேசைமேல் ஆறு காந்தங்கள்.
சோப்புக்கட்டி அளவு, கரித்துண்டின் நிறம்.
ஒன்றுக்கு மூலை பெயர்ந்திருக்கிறது,
என் கட்டைவிரலை நடுவில் வைத்து
இரண்டு பாய்ந்து ஒட்டிக்கொண்ட அன்று.
(நகம் இப்போதுதான் பாதி முளைத்திருக்கிறது.)
பீங்கான் காந்தம் என்கிறான்.
பீங்கான் என்றால் எனக்குத் தேநீர்க் கோப்பைதான்.

வந்தபடியே வைத்தால் ஆகாதாம்.
பழக்க வேண்டுமாம்,
சேணம் காணாத குதிரைக்குட்டியைப் பழக்குவதுபோல.
"முரட்டுக் கல், லோர்னா.
தன் வடக்கைத் தவிர வேறொன்றும் அறியாது.
சுவர் மின்சாரத்தின் அறுபது துடிப்பை
ஓயாமல் அதன் காதில் ஓதினால்
ஒருநாள் தானாகவே துடிக்கும்.
அப்புறம் சுவர் எதற்கு?"

செம்புக்கம்பி அறுநூறு சுற்று.
நானூற்றிப் பதினொன்றில் அவன் தங்கை போன் செய்தாள்.
எண்ணிக்கை போச்சு. திரும்பவும் ஒன்று.
செத்த மைக்ரோவேவ்களின் வயிற்றிலிருந்து
எடுத்த மின்தேக்கிகள் நான்கு;
அவை ஒரே மூச்சில் கொட்டும்போது
டொப் என்று ஒரு சத்தம்,
நாய் அடுத்த அறைக்குப் போய்விடும்,
என் அலமாரியில் தட்டுகள் ஒருமுறை பேசி அடங்கும்.

பிறகு அவன் ஒரு சவர பிளேடை
காந்தத்தின் முதுகில் நிறுத்துவான்.
அது நிற்கும்.
ஆடினால் காந்தம் பழகிவிட்டது என்று பொருள்.
மூச்சுக்காற்று படாமலிருக்க
மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு பார்ப்பான்.
அறுபத்திரண்டு வயது.
முப்பது வருஷம் வயல்களின் பம்ப் மோட்டார்களுக்குச்
சுருள் கட்டிய கை அது.
எந்த மோட்டாரும் கொடுத்ததற்கு மேல் தந்ததில்லை என்பது
அவனுக்குத் தெரியாததா?

பிப்ரவரியில் எனக்கு விடுப்பான ஒரு ராத்திரி
உலுக்கி எழுப்பினான்.
போர்வையோடு போனேன்.
டார்ச் பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.
பேட்டரி இல்லை.
காந்தம், அதன்மேல் ஒரு சுருள், பல்பு, அவ்வளவுதான்.
மஞ்சள், எலுமிச்சை விதை அளவு.
அவன் பேசவில்லை. என் கையைப் பிடித்திருந்தான்.
கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.
எனக்கும், சொன்னால் என்ன,
நெஞ்சு ஒரு கணம் காந்தம் கண்ட ஊசியாய்த் திரும்பியது.

நான்தான் கேட்டேன்:
"மேசைக்குக் கீழே என்ன உறுமுகிறது?"

பழக்கும் சுருள்.
சாயங்காலம் செருகியது, பிடுங்க மறந்திருக்கிறான்.
குனிந்து பிடுங்கினான்.
எலுமிச்சை விதை அணைந்தது.
இருட்டில் ஹீட்டர் மட்டும்
தொண்டையைச் செருமிக்கொண்டது.

மறுநாள் நோட்டில் பார்த்தேன், அவன் கோணல் எழுத்தில்:
'பிப். 9. அதிகாலை 3.40.
ஒளி: உண்டு. யாருடையது: சுவருடையது.'

மூலை பெயர்ந்ததைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன்.
மின்கட்டணச் சீட்டை வைத்து
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.
நூற்று நாற்பத்தொரு டாலர்.
ஒரு காலத்தில் என் நகத்தைத் தின்ற கல்
இப்போது ஒரு தாளைத் தாங்க முடியாமல்
மெல்ல மெல்லக் கீழே சறுக்குகிறது.
அவ்வளவு ஓதியதில்
தன் வடக்கையும் மறந்துவிட்டது போலும்.

டேப் தேடி இழுப்பறையைத் திறந்தேன்.
அப்போதுதான் கதவில் பென்சில் கோடுகளைக் கண்டேன்.
பக்கத்தில் நேரம்:
6.10. 7.25. 8.40.
ஒவ்வொன்றும் முந்தியதற்கு ஓர் அரிசி அகலம் கீழே.
நோட்டில் புதிய பக்கம் வேறு:
'நகர்கிறது.'

இழுப்பறையை மூடினேன்.
ராத்திரி ஆலைக்குக் கிளம்பும்போது
கையுறையைக் கழற்றி
நானும் ஒரு கோடு போட்டேன்.
9.50.